வாயில்மணியும் பேசும் பெட்டியும்



வாயிலில் வந்து நிற்பவர் யாவர் என்பதைக் கதவைத் திறவாமலே அறிய வேண்டும் என்னும் விருப்பம் மனிதனுக்குப் புதிதன்று. அவ்விருப்பத்திற்குத் தொலைக்காட்சியின் துணைகொண்டு உருவம் கொடுத்தவர் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் செவிலியர். வீட்டில் பல வேளைகளில் தனித்திருக்க நேர்ந்தது. அழைத்தால் காவலர் விரைந்து வருவதில்லை. ஆகவே, கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து ஒரு கருவியை வகுத்து, 1966ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் உரிமை கிடைத்தது. கதவில் நான்கு துளைகள், அவற்றினூடே நோக்க மேலும் கீழும் நகரும் காமிரா, படுக்கையறையில் திரை, வெளியே நிற்பவருடன் உரையாட ஒலிவாங்கி ஆகியவை அதன் உறுப்புகள். இன்றைய காணொளி வாயில்மணிக்கு அதுவே முன்னோடி.

இன்று அந்த மணியுடன் பேசும் பெட்டியொன்றும் சேர்ந்துள்ளது. அமேசான் நிறுவனம் 2014இல் அறிமுகப்படுத்திய எக்கோ இவ்வகையில் முந்தியது. நாம் வாயால் இடும் ஏவலைக் கேட்டு, வாயாலேயே மறுமொழி தருவது. மணியையும் பெட்டியையும் இணைத்துவிட்டால், பொத்தானை ஒருவர் அழுத்தியதும், "வாயிலில் யாரோ இருக்கிறார்" என்று பெட்டி அறிவிக்கும். திரையுள்ள பெட்டியாயின் வந்தவரின் உருவத்தையும் காட்டும். நடக்க இயலாத முதியவர்க்கு இது பேருதவி.

இவ்விரு கருவிகளும் பத்தடித் தொலைவில் இருப்பினும், பெரும்பாலும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. மணியின் செய்தி வை-ஃபை வழியே ரௌட்டரை அடைந்து, இணையத்தில் ஏறி, மணியைச் செய்த நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கின்றது. அங்கிருந்து பெட்டியைச் செய்த நிறுவனத்தின் சர்வருக்குச் சென்று, பின்னரே நம் கூடத்திற்குத் திரும்புகின்றது. இவ்வளவும் சில நொடிகளில் நிகழ்ந்துவிடுகின்றது.

ஆகையால், இணைத்தல் என்பது கம்பியை முடுக்குவதன்று. அனுமதி வழங்குவதே ஆகும். முதலில் மணியை அதற்குரிய செயலியில் பதிவு செய்கின்றோம். பின்னர்ப் பெட்டியின் செயலியைத் திறந்து, மணியின் கணக்கை அதனுடன் இணைக்கின்றோம். அப்போது நம் கடவுச்சொல் பெட்டியின் நிறுவனத்திற்குப் போவதில்லை. இன்னின்ன செய்யலாம் என்னும் மின்னணு அனுமதிச் சீட்டு மட்டுமே போகின்றது. வீட்டுச் சாவியைக் கொடாமல், தபால் நிலையத்தில் நம் கடிதத்தைப் பெற்றுவர அண்டைவீட்டார்க்கு அதிகாரக் கடிதம் எழுதித் தருவது போன்றது அது. வேண்டாதபோது சீட்டைத் திரும்பப் பெறலாம். இறுதியாக, மணியோசையை அறிவிக்கும் வசதியை இயக்க வேண்டும்.

மணி ஒலித்தும் பெட்டி பேசாவிடின், முதலில் அவ்வசதி இயங்குகின்றதா என்று பாருங்கள். அடுத்து, வை-ஃபை வாயில்வரை வலுவாக எட்டுகின்றதா என்று சோதியுங்கள். தடித்த சுவர் அதனை மெலிவித்துவிடும். பின்னரும் பேசாவிடின், சீட்டுக் காலாவதியாகியிருக்கலாம். கணக்குகளை மீண்டும் இணைத்தல் வேண்டும்.

இனி, கவனிக்கத்தக்க மறுபுறம் ஒன்றுண்டு. அமேசான் 2018இல் வாங்கிய ரிங் என்னும் நிறுவனத்தின்மீது, 2023இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. வாடிக்கையாளரின் அந்தரங்கக் காட்சிகளை ஊழியர் பார்க்க இடமளித்தது என்பதும், கணக்குகளுள் புகுந்த அயலார் காமிராவின் வழியே வீட்டாரிடம் பேசி அச்சுறுத்துவதைத் தடுக்கத் தவறியது என்பதும் அக்குற்றச்சாட்டு. 58 லட்சம் டாலர் செலுத்த நிறுவனம் இசைந்தது. காவலுக்கு வைத்த கண்ணே வேவுகாரரின் கண்ணாகவும் மாறக்கூடும் என்பதை இது உணர்த்துகின்றது. ஆதலின், கடவுச்சொல் வேறெங்கும் வழங்காததாக இருத்தல் வேண்டும். கைபேசிக்கு வரும் எண்ணைக் கேட்கும் இரண்டாம் சரிபார்ப்பும் வேண்டும். குரலால் பூட்டைத் திறக்கும் வசதி இருப்பின், இரகசிய எண்ணைக் கேட்ட பின்னரே அது திறக்குமாறு அமைத்தல் வேண்டும். சாளரத்திற்கு வெளியே நின்று கூவுவோனின் குரலும் பெட்டியின் காதில் விழுமன்றோ?

மாணவர்களே! வீட்டில் இக்கருவிகளை இணைக்கும் பணி பெரும்பாலும் உங்களிடமே வந்து சேரும். "நீயே பார்த்துச் செய்" என்று பெரியோர் கைபேசியை நீட்டுவர். திரையில் தோன்றும் "அனுமதிக்கிறேன்" என்னும் பொத்தான் அவர்கள் பெயரால் இடப்படும் கையொப்பம். யாருக்கு, எதனை, எவ்வளவு காலம் அளிக்கின்றோம் என்பதை அவர்களுக்குத் தெளிந்த தமிழில் படித்துச் சொல்லி, இசைவு பெற்ற பின்னரே அதனைத் தொடுங்கள்.