பாஸ்: ஒரு சொல், பல வழி

இன்னைக்கு நாம பேசப்போற வார்த்தை 'பாஸ்'. 'என்ன பாஸ், சாப்டாச்சா?'ன்னு கூப்பிடுறோமே, அது இல்ல. அது வேற ஆங்கிலச் சொல். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணா ஆயிடுது. நான் சொல்றது, பரீட்சையில பாஸ் ஆகுற பாஸ்.

இந்தக் குட்டிச் சொல் எத்தனை வேலை பாக்குதுன்னு கவனிங்க. பஸ் பாஸ்னா சீட்டு. சட்டசபையில மசோதா பாஸ் ஆச்சுன்னா நிறைவேறிடுச்சு. ஃபுட்பால்ல பாஸ் பண்ணுன்னா பந்தை அடுத்தவனுக்குத் தள்ளு. ஒருத்தர் 'பாஸ்டு அவே'ன்னா காலமாயிட்டார்.

தருமபுரிக்காரங்க வீட்டுப் பக்கத்துலயே இன்னொரு பாஸ் இருக்கு. சேலத்துல இருந்து பெங்களூரு போற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில வர்ற தொப்பூர் கணவாய். மலைக்கு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போற வழிக்கும் ஆங்கிலத்துல பாஸ்தான். 1790ல திப்பு சுல்தானோட படை இந்த வழியாத்தான் தெற்கே போச்சு. பின்னாடியே ஆங்கிலேயப் படை.

2020 ஜூன் ஞாபகம் இருக்கா? ஊரடங்குல சேலம் ஒரு மண்டலம், தருமபுரி வேற மண்டலம். மண்டலம் விட்டு மண்டலம் போக இ-பாஸ் கட்டாயம். அதாவது, பாஸைத் தாண்டவே பாஸ் வேணும்! அதே மாசம்தான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்து பண்ணி, 'ஆல் பாஸ்'னு அறிவிச்சாங்க.

இத்தனை அர்த்தத்துக்கும் வேர் ஒண்ணுதான். லத்தீன்ல 'பாஸுஸ்'னா காலடி, எட்டு. அடி எடுத்து வச்சு மறுபக்கம் போறது. நம்மகிட்ட இருக்கிற 'கட' மாதிரி. அதனாலதான் பாஸ்போர்ட் கடவுச்சீட்டு, பாஸ்வேர்டு கடவுச்சொல்.

ஆனா பரீட்சைக்கு மட்டும் நாம 'தேர்ச்சி'ன்னு சொல்றோம். தேர்ச்சின்னா திறமைங்கிற அர்த்தமும் உண்டு. அப்போ 'தேர்ச்சி பெறவில்லை'ன்னு சொன்னா, அந்தப் பிள்ளைக்குத் திறமையே இல்லைன்னு தீர்ப்பு சொன்ன மாதிரி காதுல விழுது. 'பாஸ் ஆகல'ங்கிறதோட வேர் அர்த்தம் அவ்வளவு பெருசு இல்ல. இன்னும் கடக்கல, அவ்வளவுதான்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? 2011 கணக்கெடுப்புல தருமபுரியோட எழுத்தறிவு 68.5 சதவீதம். மாநில அளவு 80.1. தமிழ்நாட்டுலயே கடைசி மாவட்டம். அங்க ஒரு வீட்டுல முதல் ஆளா பத்தாவது எழுதுற பிள்ளைக்கு 35 மார்க்குங்கிறது ஒரு கணவாய். 34ல நின்னா, அதே வருஷம் துணைத்தேர்வு இருக்கு. தொப்பூர் ஏத்தத்துல லாரி நின்னுபோனா டிரைவரை யாரும் ஃபெயில்னு சொல்றதில்ல. வண்டியைச் சரி பண்ணிட்டு ஏறுவாங்க.

ரிசல்ட் வர்ற அன்னைக்கு உங்க தம்பியோ தங்கச்சியோ மூலையில உட்கார்ந்திருந்தா, பக்கத்துல போய் இதைச் சொல்லுங்க. மனசு ரொம்ப பாரமா இருந்தா 104க்கு போன் பண்ணிப் பேசச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.