நீரடி உயிர்களும் ஒப்புமைக் கணக்கும்

அடம்பன் வயல்களுக்கு நீர் ஈவது கட்டுக்கரைக்குளம். தேக்கம் அணைக்கட்டினின்று கால்வாய் வழியாக அருவியாற்று நீர் அக்குளத்தை வந்தடைகின்றது. இத்தகைய ஓடுநீரின் அடியிலே தும்பிக் குடம்பி, நத்தை, செம்புழு முதலியன வாழும். நீரில் ஒட்சிசன் குறையுங்கால் பல மறைய, அதனைத் தாங்கவல்ல செம்புழு மலிகின்றது. ஆதலின் இவற்றை எண்ணுதல் நீரின் நலத்தை அறிதலாம்.

எண்ணியபின் ஈரிடங்களை ஒப்பிடுவது எங்ஙனம்? ஆற்றிலே நத்தை 40, குடம்பி 10. வாய்க்காலிலே நத்தை 10, குடம்பி 10 எனக் கொள்க. வேறுபாடு 30, மொத்தம் 70. வகுக்க வருவது 0.43. விடை 0 எனின் முற்றும் ஒப்பு. 1 எனின் பொதுவான உயிர் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் காடுகளை ஆராய்ந்த பிரே, கேர்ட்டிஸ் என்போர் 1957இல் இம்முறையைக் கையாண்டனர். மரங்களுக்கு வகுத்த கணக்கு புழுக்களுக்கும் பொருந்திற்று!

ஈரிடத்தும் இல்லாத உயிரை இக்கணக்கு ஒற்றுமையாகக் கொள்வதில்லை. கோடை வறட்சி மிகுந்த மன்னார்ப் பெருநிலத்திற்கு இதுவே பெரும்பயன். வற்றிய மடுவிலும் நஞ்சேறிய வாய்க்காலிலும் தும்பிக் குடம்பி இல்லாதிருக்கலாம்; காரணமோ வேறு வேறு. இரண்டிடமும் வெறுமையாயின், வகுத்தற்கு எண்ணே இராது. அப்பொழுது மாரி வரும்வரை காத்திருந்து மீண்டும் எண்ணவேண்டியதுதான்.