ஒரு பெயர், இரு பாலார்

தங்கம் என்ற பெயரைக் கேட்ட அளவில், அதற்குரியவர் ஆணா பெண்ணா எனக் கூறிவிட இயலுமா? இயலாது. முத்து, சோதி என்பனவும் அத்தகைய பெயர்களே. செல்வம் பெரும்பாலும் ஆடவரையும், பாக்கியம் பெரும்பாலும் மகளிரையும் சாரும். எனினும் அவ்வெல்லையைக் கடந்தோரும் உளர். எட்டியாந்தோட்டை இறப்பர் மலைகள் தொடங்கிப் பலாங்கொடைத் தேயிலைச் சரிவுகள் வரை, சபரகமுவத் தோட்டங்களில் இப்பெயர்கள் வழங்கி வருகின்றன. மாணிக்கம் விளையும் இரத்தினபுரி மண்ணிலே, முத்தென்றும் தங்கமென்றும் பெயர் பூண்டோர் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் வாழ்ந்தனர் என்பது சற்று நின்று எண்ணத்தக்கது.

சில பெயர்களின் பால், அவற்றோடு வரும் வினையாலேதான் விளங்கும் என்பது தொல்காப்பியர் காலத்திலேயே அறியப்பட்ட செய்தி. "தங்கம் வந்தான்", "தங்கம் வந்தாள்" என்றதும் ஐயம் அகலுகிறது. லயத்திலே அதுகூட வேண்டியதில்லை. தங்கம் அண்ணன் ஒருவர், தங்கம் அக்கா ஒருவர், குழந்தைகளும் மயங்குவதில்லை.

ஆனால் பதிவேட்டில் வினைச்சொல் இல்லையே! பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட கணக்கப்பிள்ளை ஆளை அறிவார். தொலைவிலுள்ள அலுவலகத்தார் ஏட்டை மட்டுமே அறிவர். தோட்டத் தொழிலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் 1984ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. அதற்கு முன்னர், ஆண், பெண் என்ற குறிப்பே நாட்சம்பளத்தைத் தீர்மானித்தது. ஒரே பெயருடைய இருவர் ஒரே மலையில் உழைத்தாலும் பெற்ற கூலி வேறு.

குடியுரிமையின் கதையோ இதனினும் நீண்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராகிய இம்மக்களுக்கு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் முழு விடிவு தரவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியோருக்கு வழி திறந்தது. இத்தனை ஆண்டுகளும் அவர்கள் சுமந்து திரிந்தவை கடதாசிகள். ஒன்றில் ஆணென்றும் மற்றொன்றில் பெண்ணென்றும் இருந்தால், அவை ஒருவருடையவையே என எப்படி மெய்ப்பிப்பது?

இதே பெயர்ப் பொதுமை கொரிய நாட்டிலும் உண்டு. ஜிவொன் என்பது அங்கே இருபாலாரும் சூடும் பெயர். 2020 முதல் 2022 வரை தென்கொரியத் தேசியப் புலனாய்வுத் துறையின் தலைவராயிருந்த பாக் ஜிவொன் ஆண். நடிகை கிம் ஜிவொன் பெண். கொரிய எழுத்தில் பெயர் ஒன்றே. சீன எழுத்தில் எழுதும்போது வெவ்வேறு பொருள் தரக்கூடும். பால் எது என்பதை அங்கே பதிவெண் சொல்லிவிடும். பிறந்த நாளைக் குறிக்கும் ஆறு இலக்கங்களுக்கு அடுத்த இலக்கம் அதற்குரியது.

தென்கொரியா அப்பதிவெண்ணைக் கொண்டுவந்த 1968ஆம் ஆண்டிலேயே இலங்கையிலும் ஆட்பதிவுச் சட்டம் நிறைவேறியது. நமது அடையாள அட்டை எண்ணில் பிறந்த ஆண்டை அடுத்துள்ள மூன்று இலக்கங்கள், அது அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். சனவரி 10ஆம் நாள் பிறந்த ஆண் தங்கத்துக்கு 010. பெண் தங்கத்துக்கு 510. பிறப்புச் சான்றிதழில் பால் பிழையாக எழுதப்பட்டிருந்தால், அப்பிழை எண்ணுக்குள்ளும் புகுந்துகொள்ளும்.

பெரும்பாலும் அது வெளிப்படுவது, பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்கென அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வேளையிலேதான். அப்பொழுது ஓடுவதினும், பிறப்பைப் பதிந்த அன்றே பால் என்னும் கட்டத்தை வாசித்துப் பார்த்தல் எளிது. வாசிக்கத் தெரியாத பெற்றோர் தெரிந்தவரை உடன் அழைத்துச் செல்க. பிழை முன்னரே நேர்ந்திருப்பின், பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தம் கோரலாம்.