திரும்பி வருவேன் என்ற சொல்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



கிறித்தவ நெறியில் அன்பும் நம்பிக்கையும் பற்றிப் பேசச் சொன்னீர்கள். லூக்கா நற்செய்தியில் இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதை நம்மில் பலருக்கும் தெரியும். கள்வர்கள் அடித்துப் போட்ட ஒருவனைக் கண்டு சமயப் பணியாளர் இருவர் விலகிப் போகிறார்கள். யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன் ஒருவனோ காயத்தைக் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, இரவெல்லாம் பார்த்துக்கொள்கிறான். மறுநாள் சத்திரக்காரரிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போகிறான். இந்தக் கடைசிப் பகுதியை நாம் அதிகம் கவனிப்பதில்லை. காயத்தை ஆற்றியது மருந்து; அடிபட்டவனுக்கு நம்பிக்கை தந்தது திரும்பி வருவேன் என்ற சொல்.

நம் மண்ணில் அப்படித் திரும்பி வந்தவர் ஐடா ஸ்கடர். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியே வந்து, பிள்ளைப்பேற்றில் தவிக்கும் தம் மனைவியருக்கு உதவ அழைத்தனர். மருத்துவரான அவருடைய தந்தையை அனுப்பினால், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்தனர். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர். அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இவற்றோடு என்னை ஈர்ப்பது அவருடைய சாலையோர மருத்துவம். வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, காத்திருந்த மக்களைக் கவனித்தார். அடுத்த வாரமும் வண்டி வரும் என்பதே அவர்களுக்குப் பாதி மருந்து.

இனி என் பிழை ஒன்று. தாயை இழந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். வீட்டுக்குப் போனேன். அடுத்த வாரமும் வருகிறேன், பாடத்தைச் சேர்ந்து படிப்போம் என்றேன். தேர்வுப் பணி, பதிவேட்டு வேலை என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. போனபோது அவன் செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்: “ரெண்டு வாரமா சனிக்கிழமையானா திண்ணையில உக்காந்து உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தான் சார்.” அவனை மீண்டும் பள்ளியில் சேர்க்க ஓராண்டு ஆயிற்று. அந்தத் திண்ணையை நான் மறக்கவில்லை.

அன்று முதல் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளையிடம் எதைச் சொன்னாலும், அதை எந்த நாளில் செய்வேன் என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவேன். அரை மணி நேரமோ ஒரு பேனாவோ, சிறியதாக இருக்கட்டும். சொன்ன நாளில் போய்ச் சேரட்டும். தாகத்துக்குக் கொடுத்த ஒரு குவளைத் தண்ணீரும் வீணாகாது என்பது இயேசுவின் போதனை. எந்தச் சமயத்தவராயினும், ஆசிரியராகிய நமக்கு அது பொருந்தும்.

நாளை வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, தொடர்ந்து வராத ஒரு பெயரைப் பாருங்கள். அந்த வீட்டுத் திண்ணையிலும் ஒரு பிள்ளை காத்திருக்கலாம்.