கண்மாயின் தரையமைப்பும் மீன் நிற்கும் இடங்களும்



மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் கண்மாய் இல்லாத கிராமம் அரிது. அதன் நீரால் நெல் விளைகிறது, ஆடுமாடுகளின் தாகம் தீர்கிறது, மீனும் விளைகிறது என்பதை யாவரும் அறிவர். ஆயினும் அந்த மீன் எவ்விடத்தில் நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர் ஊருக்கு இரண்டொருவரே. நீரின் மேற்பரப்பு எங்கும் ஒரே மட்டமாகத் தோன்றுவதால், அடித்தரையும் அவ்வாறே இருக்குமென்று பலர் எண்ணிவிடுகின்றனர். அதனால் நாள் முழுதும் வலை வீசியும் கூடை நிரம்புவதில்லை. முடிவில் பொறுமை இழந்து, எஞ்சிய நீரையும் இறைத்துவிட்டு, தாய்மீனும் குஞ்சும் மிச்சமின்றி அள்ளப்படுகின்றன. இந்த நஷ்டத்தைத் தடுப்பதற்கு முதற்படி, கண்மாயின் தரையை அறிந்துகொள்வதேயாகும்.

கண்மாய் என்பது சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்கரை போட்டு நீரைத் தேக்கியது. ஆகையால் ஆழம் கரையை அடுத்தே இருக்கும். உள்வாய்ப் பக்கம் வரவர மேடாகி, முழங்காலளவு நீருடன் முடிந்துவிடும். வரத்துக்கால் கண்மாய்க்குள் நுழைந்த பின்னும், அதன் பழைய ஓடைத்தடம் தரையில் நீண்ட பள்ளமாக மடையை நோக்கிச் செல்வதுண்டு. கரையைப் பலப்படுத்த மண் வெட்டிய குழிகளும் ஆங்காங்கே கிடக்கும். இவற்றுடன் மடையின் கற்கட்டடம், கலிங்கு, உள்வாயில் நிற்கும் கருவேல மரங்கள், கோரை, அல்லி, தாமரை ஆகியவையும் சேர்ந்ததே கண்மாயின் உள்ளமைப்பு. மீன்கள் இவற்றை ஒட்டியே வாழ்கின்றன. வெறும் வெளியில் அவை தங்குவது குறைவு.

எல்லா மீனும் ஓரிடத்தில் நிற்பதில்லை. கட்லா மேல்நீரிலும், ரோகு நடுநீரிலும், மிர்கால் அடித்தரையிலும் இரை தேடும். கெளுத்தி பள்ளத்தையும் கல்லிடுக்கையும் நாடும். மதுரைக் குழம்புக்குப் பேர்போன அயிரை, மணலும் வண்டலும் கலந்த தரையில் இருந்து, புதுநீர் வரும்போது வரத்துக்காலை எதிர்த்து ஏறும். 1952ஆம் வருஷத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக்கெண்டை, ஆழம் குறைந்த ஓரத்தில் குழி பறித்து முட்டையிடும். விராலோ பதுங்கி வேட்டையாடும் ஜாதி. காற்றைச் சுவாசிப்பதற்காக அடிக்கடி மேலே வரவேண்டியிருப்பதால், அது செடி அடர்ந்த ஓரத்தில், மறைவும் திறந்த நீரும் சந்திக்கும் விளிம்பில் நிற்கும். தவளையைக் கோத்த தூண்டிலை நடுக் கண்மாயில் போடுபவன் ஏமாறுவதும், கோரையின் விளிம்பில் போடுபவன் பயன் பெறுவதும் இதனாலேயே.

இங்கே விசேஷமாகக் கவனிக்கவேண்டியது, நீருக்குள் நீண்டிருக்கும் நிலமுனை. உள்வாயிலுள்ள மேடு சில இடங்களில் நாக்கைப் போல் கண்மாய்க்குள் நீண்டு, நீருக்கடியிலும் சிறிது தூரம் தொடர்ந்து சென்று, பின்னர் சட்டென்று பள்ளத்தில் இறங்கும். மேட்டின்மேல் வெயில் பட்டுப் பாசி வளர்கிறது. பாசியை நாடிப் பூச்சியும், பூச்சியை நாடிச் சிறுமீனும் வருகின்றன. அச்சிறுமீனைத் தின்னும் பெருமீன் அருகிலுள்ள பள்ளத்தில் காத்திருந்து, ஒரே பாய்ச்சலில் மேலேறி, ஆபத்து என்றால் உடனே ஆழத்துக்குத் திரும்புகிறது. காற்று அடித்துச் சேர்க்கும் இரையும் முனையைச் சுற்றியே ஒதுங்குகிறது. அமெரிக்க தேசத்தில் பாஸ் என்னும் வேட்டை மீனைப் பிடிப்போர், ஏரியின் முனைகளையும் பள்ளத்தின் விளிம்புகளையும் முன்னரே ஆராய்ந்து வைத்துக்கொள்வதும் இக்காரணம் பற்றியே. மீன் வேறாயினும் நியாயம் ஒன்றுதான்.

காலமும் இடத்தை மாற்றும். விடியலிலும் அந்தியிலும் மீன் மேட்டுக்கு வரும்; உச்சிவெயிலில் பள்ளத்துக்கோ மரநிழலுக்கோ ஒதுங்கும். ஐப்பசி, கார்த்திகையில் புதுநீர் பெருகும்போது வரத்துக்காலின் வாயில் கூடும். மாசிக்குப் பின் நீர் வற்றவற்ற, ஓடைத்தடத்தின் வழியே மடைப்பள்ளத்துக்குத் திரும்பும்.

இவற்றை அறிவதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது, ஊர்ப்பெரியவர்களும் நீர்பாய்ச்சியும் இளைஞர்களும் சேர்ந்து ஒருநாள் தரை முழுதும் நடந்து பார்த்தால் போதும். முனை, பள்ளம், ஓடைத்தடம், குழி ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து சங்கத்தில் வைக்கவேண்டும். நீர் நிறைந்த பின் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குக் கரைமேல் நிற்கும் பனையையும், அதற்குப் பின்னால் தெரியும் யானைமலையையோ நாகமலையையோ நேர்கோட்டில் குறித்துக்கொள்ளலாம். நீரில் அடிக்கணக்குக் கீறிய மூங்கிலைக் கொண்டு ஆழத்தைச் சரிபார்க்கலாம். இந்தப் படத்தால் மற்றொரு நன்மையும் உண்டு. மண் வெட்டிய குழிகளின் ஆழம் தெரியாமல் குளிக்க இறங்கும் சிறுவர் உயிரிழக்க நேர்கிறது. அத்தகைய குழிகளின் ஓரத்தில் கம்பு நட்டு அடையாளம் செய்வது மீன் பிடிப்பதிலும் முந்திய கடமையாகும்.

மீன் நிற்கும் இடம் தெரிந்தவனுக்கு மீனை விடவேண்டிய இடமும் தெரியவேண்டும். விரால், செடிகளை ஒதுக்கி வட்டமாகக் கூடு அமைத்து முட்டையிடும். குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக மேல்நீரில் திரியும்போது, தாயும் தந்தையும் அடியில் நின்று காவல் காக்கும். அவ்வேளையில் காவல்மீனைப் பிடிப்பது எளிது. ஆனால் அதன் பின் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். ஒரு மீனுக்காக ஒரு கூட்டமே அழிகிறது.

கட்லா, ரோகு முதலியவை தேங்கிய நீரில் தாமாக முட்டையிடுவதில்லை. ஊசிமருந்தால் அவற்றை முட்டையிடச் செய்யும் முறை 1957ஆம் வருஷத்தில் கட்டாக்கில் வெற்றிபெற்ற பின்னர், குஞ்சுகளைப் பண்ணைகளில் வாங்கி விடுவது எளிதாயிற்று. ஆனால் விராலும் கெளுத்தியும் கண்மாயிலேயே பெருகுபவை. கோடையில் மடைப்பள்ளத்தில் எஞ்சும் நீரே அவற்றுக்கு விதைக் களஞ்சியம். கால்நடைகளுக்குக் கடைசித் தொட்டியும் அதுவே. மீன்பாசி ஏலம் எடுத்தவர் இயந்திரம் வைத்து அதையும் இறைத்துவிட்டால், விதைநெல்லைக் குத்தி உண்ட குடும்பத்தின் கதியே ஊருக்கும் நேரும்.

மேலூர்ப் பக்கத்தில் அறுவடை முடிந்த பின் நடைபெறும் மீன்பிடித் திருவிழாவில், பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசிய பின்னரே ஜனங்கள் ஊத்தாவும் கச்சாவும் ஏந்திக் கண்மாயில் இறங்குகின்றனர். ஒருவர் சொல்லுக்கு ஊரே காத்திருக்கும் அந்த ஒழுங்கு கிராமத்தாருக்குப் புதிதன்று. அதே ஒழுங்கை மடைப்பள்ளத்துக்கும் நீட்டுவதில் கஷ்டம் என்ன? பள்ளத்து நீரை இறைக்கலாகாது. குஞ்சு காக்கும் விராலைப் பிடிக்கலாகாது. சிறுகண் வலை கூடாது. இம்மூன்றையும் ஏல நிபந்தனையில் சேர்க்கும்படி சங்கம் தீர்மானம் செய்து, ஏலம் விடும் அதிகாரிகளிடம் காலத்தில் சேர்ப்பிக்கவேண்டும்.

1895, 1897ஆம் வருஷங்களில் விவசாய பாங்குகளைப் பற்றி அறிக்கை எழுதிச் சென்னை மாகாணத்தில் ஐக்கிய இயக்கத்துக்கு வழிகோலிய சர் பிரெடரிக் நிக்கல்சன் அவர்களே, 1907இல் அம்மாகாணத்து மீன் இலாகா ஏற்படுவதற்கும் காரணமாயிருந்தார். முதலை அழிக்காமல் வட்டியை அனுபவிப்பது நாணய சங்கத்தின் முதல் பாடம். மடைப்பள்ளத்துத் தாய்மீன் முதல். முனையிலும் விளிம்பிலும் அகப்படுவது வட்டி. கணக்குப் புஸ்தகத்தைப் பார்க்கத் தெரிந்த அங்கத்தினர்கள், வருகிற கோடையில் தங்கள் கண்மாயின் தரையையும் ஒருமுறை நடந்து பார்ப்பார்களாக.