கப்பல் மிஞ்சியது, பதிவேடு மிஞ்சவில்லை
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் ஜெரமையா ஓ'பிரையன் என்றொரு பழைய சரக்குக் கப்பல் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய கப்பல். இன்று அது ஒரு நூதனசாலை. டிக்கெட் வாங்கி யாரும் ஏறிப் பார்க்கலாம். இன்று தொழிலாளியின் கண்ணோடு நாமும் ஏறிப் பார்ப்போம்.

எதிரி மூழ்கடிக்கும் வேகத்தை மிஞ்சிக் கப்பல் கட்ட வேண்டும் என்று, 'லிபர்ட்டி' என்ற வகையில் மட்டும் 2,710 கப்பல்களை அமெரிக்கா கட்டியது. ஆயிரக்கணக்கான பெண்களும் வெல்டிங் பழகி அந்த வேலைக்கு வந்தார்கள். இந்தக் கப்பல் 1943இல் கட்டியது. நீளம் 441 அடி.

செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்கினால் இயந்திர அறை. 2,500 குதிரைவலு கொண்ட நீராவி இயந்திரம் இன்றும் இயங்குகிறது. கப்பலின் பக்கத்தில் டோர்பிடோ பட்டால், இந்த அறையில் நின்றவர் மேலே வந்து சேர்வது அரிது. அப்படி நின்றுதான் 1944இல் நோர்மண்டிக் கரைக்குப் 11 தடவை படையினரையும் சாமான்களையும் கொண்டு போனார்கள்.

கப்பலில் பீரங்கிகளும் உண்டு. அவற்றை இயக்கியவர்கள் கடற்படையினர். கப்பலை ஓட்டியவர்கள் சம்பளத்துக்கு வந்த கடல் தொழிலாளர்; பலர் தொழிற்சங்க உறுப்பினர். கப்பல் ஒன்று, கடல் ஒன்று, சாவும் ஒன்று. ஆனால் 1944இல் வந்த சட்டம் பீரங்கிக்காரருக்குப் படிப்புதவியும் வீட்டுக் கடனும் கொடுத்தது. கடல் தொழிலாளருக்கு இல்லை. புகழுரை மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

அவர்கள் விடவில்லை. நீதிமன்றம் போய் 1987இல் தீர்ப்பைப் பெற்றார்கள். 1988இல்தான் அரசாங்கம் அவர்களையும் போர்ச் சேவை செய்தவர்களாக ஏற்றது. நோர்மண்டிக்குப் போனபோது 20 வயதான இளைஞனுக்கு அப்போது 64 வயது. அந்த வயதில் படிப்புதவி எதற்கு?

இன்னொன்றையும் கேளுங்கள். போர்க்காலச் சரக்குக் கப்பல்களின் நாட்பதிவேடுகளை 1970களில் அரசாங்கமே அழித்துவிட்டது. ஆகவே உரிமை கேட்டு வந்தவரிடம், 'நீ கப்பலில் இருந்ததற்கு அத்தாட்சி எங்கே?' என்ற கேள்வி வந்தது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கொடுத்த விடுவிப்புச் சான்றிதழைப் பெட்டியில் வைத்திருந்தவருக்கு அது கை கொடுத்தது. இல்லாதவர் அலைந்தார்.

தோழர்களே, நமது கணக்கும் இன்னொருவர் கையில்தான் இருக்கிறது. நிறுவை அவர்கள் புத்தகத்தில், பேர் அவர்கள் செக்ரோலில். முப்பது வருஷம் கொழுந்து எடுத்த தாய் சேமலாப நிதி கேட்டுப் போகும்போது, அடையாள அட்டையில் ஒரு பெயர், நிதிப் பதிவில் இன்னொரு பெயர் என்றால் யார் பதில் சொல்வது?

சம்பளத் துண்டை வீசாதீர்கள். பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். மாதம், வேலை நாள், கிலோ, பிடித்த சேமலாப நிதி எல்லாவற்றையும் அது எழுதட்டும். பாடசாலையில் படித்த எழுத்து வீட்டுக்கு உதவட்டும். அடுத்த கூட்டத்துக்கு அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பத்திரம், சம்பளத் துண்டு மூன்றையும் எடுத்து வாருங்கள். பெயர்கள் ஒத்திருக்கின்றனவா என்று சேர்ந்து பார்ப்போம். பிழை இருந்தால், வேலையில் இருக்கும்போதே திருத்துவோம்.