அரிசி மூட்டைக்கும் நன்றி, ஆனால் நமக்குச் சேர வேண்டிய கணக்கு எங்கே?

(பத்து பாகாட்டில் தீபாவளி உதவிப் பொருள் வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏற்பாட்டாளர்கள் என்னிடம் கேட்டது ஐந்து நிமிட வாழ்த்துரை. நான் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அடுக்கி வைத்திருக்கும் அரிசி, எண்ணெய், மாவு எல்லாம் எங்கேயும் ஓடிவிடாது.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். பொருள் கொடுக்கும்போது யாரும் படம் எடுக்க வேண்டாம். ஏன் சொல்கிறேன் தெரியுமா? நான் யோங் பெங் பக்கத்தில் ஒரு தோட்டத்து லாயத்தில் பிறந்தவன். அம்மா பால் மரம் வெட்டினார். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சங்கத்தார் வந்து பத்துப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து கொடுத்தார்கள். நல்ல சப்பாத்து. எனக்கு அது தேவையாகவும் இருந்தது. ஆனால் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. மறுநாள் பள்ளிக்குப் போனால், எல்லாப் பையன்களும் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்கள். மூன்று வாரம் நான் பழைய சப்பாத்தையே போட்டுக்கொண்டு போனேன். அந்தச் சங்கத்தார்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் மனம் நல்ல மனம்தான். ஆனாலும் நாற்பது வயதைத் தாண்டியும் அந்தப் படம் எனக்கு மறக்கவில்லை.

அப்படியென்றால் உதவியே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. 1867-இல் வடலூரில் வள்ளலார் தருமச்சாலை தொடங்கினார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசி வந்தவனிடம் போய் "வழக்கு போடு, தீர்ப்பு வந்ததும் சாப்பிடலாம்" என்று எந்த வக்கீலும் சொல்ல முடியாது. 2021-இல் கோவிட் முடக்கத்தின்போது நம் நாட்டில் மக்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள், நினைவிருக்கிறதா? பக்கத்து வீட்டார், இனம் மதம் பார்க்காமல், அரிசியும் முட்டையும் கொண்டுவந்து வைத்தார்கள். அதைக் குறை சொல்பவன் மனிதனே இல்லை.

ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்று ஒவ்வொன்றாக அறிவித்து நம் இபிஎஃப் பணத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். 2022-இல் விட்ட சிறப்புத் திட்டத்தையும் சேர்த்தால் நாடு முழுவதும் மக்கள் எடுத்தது ஏறக்குறைய 14,500 கோடி ரிங்கிட். பலர் அதை "அரசாங்கம் கொடுத்த உதவி" என்றே என்னிடம் சொன்னார்கள். ஐயா, அது நீங்கள் வியர்வை சிந்திச் சேர்த்த பணம். வயதான காலத்துச் சோற்றை அப்போதே எடுத்துச் சாப்பிட்டோம், அதற்கும் நன்றி சொன்னோம்.

இந்த இடத்தில்தான் என் பேச்சின் மையம் இருக்கிறது. எது தானம், எது நமக்குச் சேர வேண்டியது என்ற வித்தியாசமே நமக்கு மறந்துபோய்விட்டது.

ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கணவர் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் லோரி மோதி இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகள். கம்பெனிக்காரர்கள் சாவு வீட்டுக்கு வந்தார்கள், மாலை போட்டார்கள், இரண்டாயிரம் ரிங்கிட் கொடுத்தார்கள். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு உதவி கேட்டு ஒரு பாரத்தை நிரப்பித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். நான் கேட்டேன், "சொக்சோ பணம் வருதாம்மா?" "அது என்னங்க ஐயா?" என்றார்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நடந்தால், அது வேலையில் நடந்த விபத்துதான். 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இறந்தவரின் சம்பளக் கணக்கில் 90 விழுக்காடு குடும்பத்துக்கு வர வேண்டும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அதைத் தெரிவித்திருக்க வேண்டும். யாரும் தெரிவிக்கவில்லை. யாரும் அந்த அம்மாவுக்குச் சொல்லவும் இல்லை. எட்டு மாதம் அலைந்து வாங்கினோம். இன்று மாதா மாதம் வருகிறது. அதற்காக அவர் யாரையும் கும்பிட வேண்டியதில்லை. கணவரின் உழைப்புக்காக முதலாளி மாதந்தோறும் கட்டிய சந்தாவில் வருகிற பணம் அது.

அந்த இரண்டாயிரம் ரிங்கிட் கெட்ட பணமா? இல்லை. ஆனால் அந்த நன்றியுணர்ச்சியே இரண்டு ஆண்டு அவர் வாயைக் கட்டிப்போட்டது. "நல்லது செய்தவங்ககிட்ட போய் எப்படிங்க கேட்கிறது?" என்று அவர் என்னிடம் கேட்டார். தானத்தின் ஆபத்து எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

இது நமக்குப் புதிதல்ல. 1907-இல் வெள்ளைக்காரன் காலத்தில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். தமிழ்த் தொழிலாளி உழைத்த நாள்களைக் கணக்கிட்டு முதலாளிகளிடம் வசூலித்தார்கள். நம் பாட்டன்மாரைக் கப்பலில் ஏற்றி வந்ததும், உழைத்து ஓய்ந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும் அந்தப் பணத்தில்தான். 1938-இல் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தியது. 1958-இல் அந்த நிதி தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறியது, தொழிலாளர் நலனுக்கு என்றார்கள். 1999-இல் சட்டம் போட்டு அதைக் கலைத்தார்கள். சொத்தெல்லாம் அரசாங்கத்துக்குப் போனது. நம் பாட்டன் வெட்டிய பால், பாட்டி பிடுங்கிய புல், அதில் வந்த பணம். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் அந்த நிதியின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் பார்ப்போம்.

மூன்று பேர். பரவாயில்லை.

தோட்டத் தமிழ்ப் பள்ளியும் அப்படித்தான். துரை இரக்கப்பட்டுக் கட்டிக் கொடுத்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1923 தொழிலாளர் சட்டத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைத்தே ஆக வேண்டும் என்று இருந்தது. அது சட்டத்துக்குக் கட்டுப்பட்டுச் செய்த வேலை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் செய்த நம் மக்கள் கேட்டதைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே. அதில் ஒன்றுகூட தருமம் இல்லை. துப்பாக்கிச் சூட்டில் உயிரையும் கொடுத்தார்கள்.

சிலர் சொல்வார்கள், உதவி செய்தால் நம் ஆட்கள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்று. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போகிற பெண்ணைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. அதுவும் இல்லாமல், சமூகநல இலாகா கொடுக்கும் உதவித் தொகை பிச்சை அல்ல. அது வரிப்பணம். நீங்கள் கடையில் வாங்கும் பொருளிலும் வரி இருக்கிறது. தகுதி இருந்தால் நிமிர்ந்து போய் விண்ணப்பியுங்கள். ஒரு தலைவரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்று யாராவது சொன்னால் என்னிடம் வாருங்கள்.

நம் கையாலேயே செய்ததும் உண்டு. 1950-களில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று நம் மக்களைத் தெருவில் விட்டபோது, 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். நாள் கூலி மூன்று வெள்ளிக்கே திண்டாடிய காலம் அது. அப்படிச் சேர்த்து கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பிற்காலத்தில் அது எப்படி நடந்தது என்பதில் எனக்கும் குறைகள் உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். ஆனால் பங்குச் சீட்டு வைத்திருந்த தொழிலாளி கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம். அரிசி மூட்டை வாங்கியவன் கேட்க முடியுமா?

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். இந்த வட்டாரத்தில் துணி தைக்கும் தொழிற்சாலைகளில் பலர் வேலை செய்கிறீர்கள். 14 ஆண்டு வேலை செய்த ஒருவரை ஆள்குறைப்பு என்று நிறுத்தினால், 1980 விதிமுறைப்படி ஆண்டுக்கு 20 நாள் சம்பளம், மொத்தம் 280 நாள். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டுக்கே கணக்குப் போட்டால் பதினைந்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் வரும். அது போக எட்டு வார நோட்டீஸ். தோட்டமோ தொழிற்சாலையோ கை மாறினால், புது முதலாளி ஏழு நாளுக்குள் பழைய சலுகைகளுக்குக் குறையாமல் வேலை தர வேண்டும். தராவிட்டால் பழைய முதலாளி இந்தத் தொகையைக் கட்ட வேண்டும். காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கினால் 60 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அறுபத்தொன்றாம் நாள் வந்து என் முன்னால் அழுதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

போன மாதம் ஒரு அண்ணன் வந்தார். கம்பெனி மூடுகிறது. "ஐயா, கடைசி நாள் விருந்து வெச்சு ஆளுக்கு ஒரு ஹேம்பர் கொடுத்தாங்க, நல்ல மனுஷன் எங்க முதலாளி" என்றார். எத்தனை வருஷம் வேலை என்றேன். பதினாறு. எதிலாவது கையெழுத்துப் போட்டீங்களா என்றேன். போட்டிருக்கிறார். என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னும் 60 நாள் முடியவில்லை, புகார் கொடுத்திருக்கிறோம். என்ன ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது.

சரி, நேரமாகிவிட்டது, பிள்ளைகளுக்குப் பசிக்கும். பொருள்களை வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். இது பக்கத்து வீட்டார் கொடுப்பது போலத்தான். வாங்கிய பிறகு, கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் மேசைக்கு வாருங்கள். சம்பளச் சீட்டு இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் அடையாள அட்டை எண்ணை வைத்து இபிஎஃப், சொக்சோ ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது என்பதை எங்கள் தம்பிகள் உங்கள் கைப்பேசியிலேயே சொல்லித் தருவார்கள். வீட்டில் யாருக்காவது வேலையிலோ வேலைக்குப் போகும் வழியிலோ அடிபட்டிருந்தால், பழைய சம்பவமாக இருந்தாலும் சொல்லுங்கள். இரவு பத்து மணி வரை நான் இங்கேதான் இருப்பேன்.